தாயைக் காட்டு

பாம்பு தீண்டித் தாயாடு செத்துப்போனது. அதன் பச்சைக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் பட்டி காக்கும் ஆவுடை.

"தாயில்லாத குட்டி பிழைக்காது புள்ளே. நாளைக்கு விருந்துக்கு அறுத்துடலாம்" என்றார் பண்ணையார்.

"வேண்டாங்கய்யா!"

"அப்போ அதுக்கு ஒரு தாயைக் காட்டு, விட்டுடறேன்" என்று சிரித்தார்.

ஆவுடை கடவுளை வேண்டிக்கொண்டாள். பட்டியில் ஓர் ஆடு அப்போதுதான் செத்த குட்டியை ஈன்றிருந்தது. செத்த குட்டியின் மேலிருந்த ஈரத்தை வழித்து இந்தக் குட்டியின்மேல் தடவி அந்த ஆட்டின் முன்னால் விட்டாள். ஆடு தன் குட்டியின் வாடையை மோந்தது, நக்கியது, மடியைக் கொடுத்தது.

"இது பெத்த தாயில்லையே! ஏமாத்துறியா?" என்றார் பண்ணையார்.

"தாயைக் காட்டுன்னுதானே சொன்னீங்க அய்யா? பெத்தவளைன்னு சொல்லலையே."

பால்மணம் மாறுமுன்னே தாயை இழந்த பண்ணையாரையும் சித்திதான் வளர்த்திருந்தாள்.

"விருந்துக்குக் கத்திரிக்காய் போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.