கரிந்த சரிவின் வெட்டுக்கிளிகள்

கணவாயில் நடந்த திடீர்த் தாக்குதலில் நாகனின் படை முழுவதும் அழிந்தது. பிழைத்தவன் அவன் ஒருவன்தான். முந்தின நாள் ஆற்றைக் கடக்கும்போது அவனுடைய சிவப்புத் தலைப்பாகையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மேலே பதுங்கியிருந்த வில்லாளிகள் புதர்களுக்குள் சிவப்பைத் தேடித் தேடி எய்தார்கள்.

வாளை எறிந்துவிட்டு அவன் சமண மலைக்கு வந்தான். இளநேமி என்ற பெண் துறவியிடம் சீடனானான். அவர் அவனைவிட வயதில் சிறியவர்.

"அடிகளே, ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் விதி என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அது என்ன?" என்று கேட்டான்.

இளநேமி எழுந்தார். அவனைத் தெற்குச் சரிவுக்கு அழைத்துப் போனார்.

கோடைத் தீயில் அங்கே புல்லெல்லாம் எரிந்துபோயிருந்தது. கரிந்த தரையில் பச்சை வெட்டுக்கிளிகள் பளிச்சென்று தெரிந்தன. மைனாக்கள் அவற்றைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. நாகன் கைதட்டி விரட்டினான். அவை சற்றுத் தள்ளி இறங்கி, மறுபடி தின்றன.

சில நாட்களில் பச்சை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரியோடு கரியாக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்பு வெட்டுக்கிளிகள் மட்டும் இருந்தன.

நாகனுக்குக் கண் கலங்கியது. "இவையும் என்னைப் போலத்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவை."

"மழை பெய்யட்டும்" என்றார் இளநேமி.

மழை பெய்தது. கறுப்பு வெட்டுக்கிளிகள் மண்ணுக்குள் இட்டிருந்த முட்டைகள் பொரிந்தன. நாகன் ஓடிப்போய்ப் பார்த்தான். குஞ்சுகளில் பெரும்பாலானவை கறுப்பு. பெற்றவற்றின் நிறம். வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகுதான் தரையைக் கவனித்தான். சரிவெங்கும் இளம்புல். பச்சையின் மேல் மை தெறித்ததுபோல அந்தக் குஞ்சுகள்.

மைனாக்கள் வந்து இறங்கின.

இந்த முறை அவனுக்குக் கைதட்டக்கூட வரவில்லை. "அடிகளே! அதே பறவைகள்! அன்று காப்பாற்றியது இன்றைக்கு..."

"அன்று காப்பாற்றியது எது?"

"நிறம்."

"அவை கேட்டு வாங்கியதா?"

"இல்லை. அப்படியே பிறந்தன."

"மைனா இரக்கப்பட்டு அவற்றை விட்டதா?"

"இல்லை. அதன் கண்ணில் படவில்லை, அவ்வளவு..."

நாகன் பக்கத்துப் பாறையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"அப்படியென்றால், செத்தவர்கள்? தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்கென்று ஒரு காரியமும் இல்லையா?"

"யாரும் வைக்கவில்லை."

"பிறகு நான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும்?"

இளநேமி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்பு அதை யோசிக்கவில்லை, நாகா. இனி நீ யோசி."