தகர நிழலும் புங்க நிழலும்

வானம் பார்த்து விதைக்கிற ஒரு சீமையில் சின்னதாக ஒரு வேளாண் கல்லூரி. பயிர் வினையியல் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் என்று இருந்தது ஒரு தகரக் கொட்டகைதான். நாலைந்து கண்ணாடிக் குப்பிகளைத் தவிரக் கருவி ஒன்றும் கிடையாது.

சோதனைக்கு வந்த அதிகாரி அரங்கநாயகம் புங்க மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

"இலை தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று பாடம் நடத்துகிறீர்களே, அதைக் காட்டக் கருவி எங்கே? இப்போதே நிரூபியுங்கள். இல்லாவிட்டால் இந்த வகுப்பை மூடச் சொல்லி எழுதிவிடுவேன்."

ஆசிரியை நாச்சியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அங்கே பதினைந்து வருடமாகப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே குப்பி கழுவுகிற ராக்கம்மா, மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. அந்தக் கொட்டகைக்குள்ள ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வர்றீங்களா?"

போனார். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து மரத்தடிக்கே ஓடி வந்தார்.

"அங்கயும் நிழல்தானேய்யா, ஏன் ஓடி வந்தீங்க?"

"அது நெருப்பம்மா! இங்கேதான் குளிர்ச்சி."

"அதைத்தான் எங்க மேடம் சொல்லித் தர்றாங்க. தகரம் வெயிலை வாங்கி நம்ம தலையில கொட்டுது. மரம் இலை வழியா வேர்த்து, நம்மளையும் குளிர வைக்குது. உங்க உடம்பே சாட்சி சொல்லிருச்சே!"

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அதிகாரியும் சிரித்துவிட்டார், நல்ல மனுஷர்தான்.

"கருவிக்கு எழுதுகிறேன். அது வரும்வரை வகுப்பு நடக்கட்டும்."

"மகராசனா இருங்கய்யா," என்றாள் ராக்கம்மா. "அது வர்ற வரைக்கும் வருசத்துக்கு ஒரு தடவை நீங்க வந்து கொட்டகையில நின்னாப் போதும்."