சாக்கடைக்குப் பிடித்த வெண்குடை

ஆற்று முதலைகள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நாவலூரை மகரகேது என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். அரண்மனையிலிருந்து வெளியே போகும் எதையும் அசுத்தம் என்று சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும் என்பது அவ்வூர்ச் சட்டம். எழுதியவர் சடங்கு அதிகாரி வல்லபராயர். மன்னர் வெட்டிப் போட்ட நகம்கூடப் பல்லக்கில்தான் போகும். வெண்குடை பிடித்து, முரசு கொட்டி, வழியில் மண்டபந்தோறும் இறக்கி இளைப்பாற வைத்து எடுத்துப்போவார்கள்.

அரண்மனை அடுக்களை நீர், குளியல் நீர், கழிப்பறை நீர் எல்லாம் பின்மதில் ஓட்டை வழியே நேராக ஆற்றில் விழுந்தன. மீன்கள் செத்து மிதந்தன. குடிக்க அள்ளிய சனங்கள், "ஆகா, என்ன மணம்!" என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார்கள்.

ஓடக்காரி பொன்னாச்சிக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தி, "அரண்மனைச் சாக்கடை இந்த நாத்தம் நாறுதே!" என்று கத்திவிட்டாள். அன்று ஓடத்தில் இருந்த ஒரே பயணி வல்லபராயர்.

அவளை அவையில் நிறுத்தியபோது அமைச்சர் செவ்வேளார் மெல்லத் தூண் மறைவுக்கு ஒதுங்கினார். அவர் வீட்டுக் குடத்திலும் அதே தண்ணீர்தான். உண்மையைச் சொன்னால் அறுபடும் நாக்கு இரண்டாகும்.

"அமைச்சரே, உமது மூக்கு என்ன சொல்கிறது?" என்று சீண்டினார் ராயர். அமைச்சர் பதவி மேல் அவருக்கு நெடுநாள் கண்.

"என் மூக்கு அரண்மனைச் சம்பளம் வாங்குகிறது, ராயரே. உத்தரவில்லாமல் எதையும் முகராது."

மன்னர் சிரித்துவிட்டார். "புதுப்புனல் விழாவில் நான் அந்த ஆற்றில் முழுக வேண்டும், செவ்வேளாரே. அரண்மனை நீரைக் குறை சொல்லாமல் ஆற்றைத் தெளியவையும். முடிந்தால் இவள் நாக்கு இவளுக்கு. முடியாவிட்டால் விழாவன்று அறுப்பு."

அந்நேரம் வாசலில் நகப் பல்லக்கு முரசோடு போனது. செவ்வேளார் அதையே பார்த்தார்.

"அரசே, அநியாயம்! நகத்துக்குக் கிடைக்கும் மரியாதை தங்கள் மேனியைத் தொட்ட நீருக்கு இல்லையா? குடை இல்லை, முரசு இல்லை, இளைப்பாற ஒரு மண்டபம் இல்லை. திருடனைப் போல மதில் ஓட்டை வழியாக ஓடுகிறதே!"

மன்னர் துள்ளி எழுந்தார். "சடங்கு அதிகாரி யார்?"

எல்லாத் தலைகளும் ராயர் பக்கம் திரும்பின.

நீருக்கு மூன்று மண்டபங்கள் எழும்பின. முதலாவது ஆழமான தொட்டி. அங்கே நீர் அசையாமல் நிற்க, கூட வந்த சேறு அடியில் படுத்துக்கொண்டது. இரண்டாவது, சரளையும் மணலும் நிரப்பிய பள்ளம். மூன்றாவது, கோரை அடர்ந்த வெயில் குளம். "அரச நீர் அவசரப்படலாமா?" என்று செவ்வேளார் அதை அங்கே ஆற அமரத் தங்கவைத்தார். பிறகுதான் ஆறு.

தொட்டிச் சேறும் அரண்மனைச் சொத்துதானே? அதை ராயரே தம் கையால் பல்லக்கில் ஏற்றி வாழைத்தோட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் போன தெருவெல்லாம் சனங்கள் வாசலுக்கு வந்து, "ஆகா, என்ன மணம்!" என்று மனதாரக் கூவினார்கள்.

விழா நாளில் ஆற்றின் அடிமணல் தெரிந்தது. மன்னர் முழுகக் கிளம்பும் வேளையில், தலைமுதல் கால்வரை சேறாக ராயர் அவைக்குள் ஓடிவந்தார்.

"என்னால் முடியாது அரசே! இந்த அரண்மனைச் சேறு நாறுகிறது!"

நாக்கறுக்கக் கத்தியோடு நின்றவன் ராயரையும், தீர்ப்புக்காகக் காத்திருந்த பொன்னாச்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஓடக்காரி சொன்னதும் இதுதான், அரசே," என்றார் செவ்வேளார் பணிவாக. "முதலில் எந்த நாக்கு?"

வாய் திறக்குமுன் மன்னரின் மேலாடை தானாக மூக்குக்குப் போனது. அவை முழுவதும் பார்த்துவிட்டது. அவர் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். சேற்றுப் பல்லக்கை ஆயுள் முழுவதும் ராயருக்கே கொடுத்தார்.

"அந்தச் சட்டத்தைத் தூக்கி ஆற்றில் போடுங்கள்!"

"ஐயோ, ஆத்துல வேணாம் ராசா!" என்று பதறினாள் பொன்னாச்சி. "இப்பத்தான் சுத்தமாச்சு. முதல் தொட்டியில போடச் சொல்லுங்க."