இரும்பைத் தாண்டிப் பார்ப்பவர்

"கை நுழையாத டேங்கை நம்பி..." என்று பழைய ஃபோர்மேன் ஏதோ சொல்வார். பனியன் கம்பெனியில் டேங்குக்குக் காற்றேற்றும் மோட்டாரை ஓட்டும் மாசாணத்துக்கு மீதி மறந்துபோனது. மறக்காதது ஒன்றுதான்: காற்று டேங்க் வெடித்தால் முதலில் விழுவது பக்கத்துச் சுவர். அந்தப் பக்கம் அவன் மனைவி வேலம்மாளோடு இருபது பெண்கள் பனியன் மடிக்கிறார்கள்.

டேங்கின் உள்ளே பார்க்க வைத்திருந்த துவாரத்தில் காற்று கசிந்ததென்று, மேனேஜர் அதை வெல்டிங் வைத்து அடைத்து, பெயிண்டும் பூசிவிட்டார். டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறது. இன்றைக்கு அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார்.

"உள்ளே துரு இல்லைன்னு எழுதுடா" என்று மேனேஜர் பதிவேட்டை நீட்டினார்.

"பாக்க வழியே இல்லையே சார்?"

"எழுதுறியா, வீட்டுக்குப் போறியா?"

மாசாணம் எழுதினான். ஆய்வாளர் வந்து அதை உரக்கப் படித்தார்: "உள்ளே துரு இல்லை. அடைத்த இரும்பைத் தாண்டி மேனேஜர் சாருக்குக் கண் தெரிகிறது. அவர் சொன்னார், எழுதினேன்."

ஆய்வாளர் சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். வெல்டிங் தழும்பு தெரிந்தது. மேனேஜர் முகம் செத்துப்போனது.

"சார், ரூமுக்கு வாங்க, டீ சாப்பிடலாம்."

அரைமணி நேரம் கழித்து ஆய்வாளர் சிரித்தபடி வந்தார். "நல்லா எழுதுறப்பா! அடுத்த வருஷம் துவாரத்தைத் திறந்துக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"மோட்டாரை ஓட்டுடா" என்றார் மேனேஜர்.

மாசாணம் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பெனிக் கிணற்றில் போட்டுவிட்டு, வேலம்மாளைக் கூட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போனான்.