எறும்பைப் பார்த்த கழுகு ஃபெயில்!

மருதங்குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த மான்களைச் சிறுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. விலங்குகள் பயந்துபோயின. குளத்தோரப் பாறைமேல் உட்கார்ந்து எச்சரிக்க ஒரு காவல்காரரை நியமிக்க முடிவு செய்தன. சம்பளம், தினம் ஒரு கூடைக் கிழங்கு.

ஆள் எடுக்கும் பொறுப்பைக் குரங்கு ஏற்றுக்கொண்டது. காட்டில் முகாம் போட்டவர்கள் விட்டுப்போன கண் பரிசோதனை அட்டை ஒன்று அதனிடம் இருந்தது. அதைக் குளத்தோர மரத்தில் மாட்டியது.

"இருபதடி தள்ளி நின்று கடைசி வரியைப் படி. படித்தால் பாஸ்!"

முதலில் கழுகு வந்தது.

"இரண்டாவது எழுத்தின் மேல் ஒரு சிற்றெறும்பு போகுதுங்க. அதுக்கு ஒரு கால் இல்லை."

"எறும்பை யார் கேட்டது? எழுத்து என்ன?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே!"

"அப்படியென்றால் உனக்குக் கண் தெரியவில்லை. ஃபெயில்!"

அடுத்து முயல் தோற்றது. கீரி தோற்றது. தோற்ற ஒவ்வொருவரிடமும் குரங்கு, "ட, ப, ம, ய, வ! இதுகூடவா தெரியவில்லை?" என்று கத்தியது.

அதே மரத்தடி வளையில் ஒரு பெருச்சாளி குடியிருந்தது. தன் மீசை நுனியே அதற்குச் சரியாகத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். கிழங்கு ஆசையில் அதுவும் வந்து நின்று, கேட்டதை அப்படியே ஒப்பித்தது.

"ட, ப, ம, ய, வ!"

"ஐயா, அவர் அட்டைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிற்கிறாரே!" என்றது ஒரு மான்.

"எப்படி நின்றால் உனக்கென்ன? ஐந்துக்கு ஐந்து! என் பரிசோதனையில் தப்பே வராது!" என்றது குரங்கு.

பெருச்சாளி பாறைமேல் காவலுக்கு உட்கார்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம் சிறுத்தை வந்தது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் பெருச்சாளிக்கு வாடையும் எட்டவில்லை. புள்ளிபுள்ளியாக ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது.

"யாரு, புள்ளிமான் அக்காவா? வாங்க, வாங்க! இங்கே பயம் ஒன்றும் இல்லை!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி!" என்று சிறுத்தை மெதுவாகக் குளக்கரைக்கு இறங்கியது.

வானத்திலிருந்து கழுகு அலறியது. "சிறுத்தை! ஓடுங்க!"

மான்கள் சிதறி ஓடின. குளத்தில் வாய் வைத்திருந்த குரங்கு மட்டும் நகரவில்லை.

"பாஸான காவல்காரனே பயமில்லை என்கிறான். ஃபெயிலானவள் பேச்சை யார் கேட்பது?"

அதுதான் குரங்கின் கடைசிப் பேச்சு.

மறுநாள் கழுகு பாறைமேல் உட்கார்ந்தது. யாரும் அதற்கு அட்டை காட்டவில்லை.

எதைச் சோதிக்கிறோம் என்று யோசிக்காமல் சோதனையை மட்டும் நம்புகிறவர்கள், எதிரே வந்து நிற்கும் ஆபத்தைக்கூட நம்பமாட்டார்கள்.