சூரியன் கள் குடித்த காலை

அந்தக் காலத்தில், மரமும் செடியும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த நாளில், பனைமரம் மனுஷன் இடுப்பளவுதான் இருந்தது. கடலோரத்து மணலில், பனை சீவும் தவசியின் குடிசை வாசலில் அது நின்றது. அதன் நிழலில் புகையிலையும் கஞ்சாவும் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன.

தவசிக்கு ஒரே வேலை. தினமும் சூரியன் கடலைவிட்டு எழும்பியதும் ஒரு கலயம் பதநீர் நீட்ட வேண்டும். அதைக் குடித்துத் தெம்பானால்தான் அவர் வானத்தில் ஏறுவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்.

ஒரு சாயங்காலம் தவசி புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டான். கூடப் போட்டுக்கொள்ளச் சுண்ணாம்பு இல்லை. கலயத்தில் தடவியிருந்ததை ஒட்ட வழித்து எடுத்தான்.

"ஏ தவசி, அது சாமிக்கு உள்ளதுல்லா?" என்றது பனை.

"இத்துனூண்டு சுண்ணாம்புலயா உலகம் கவிழப்போவுது? சும்மா கெட."

புகையிலை காரமாய்ச் சிரித்தது. கஞ்சா காரணமே இல்லாமல் சிரித்தது.

மறுநாள் சூரியன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "ஏலே! இத்தன நாளா என்னத்தலே குடுத்த? இன்னொண்ணு ஊத்து!"

ஏற வேண்டியவர் ஏறவில்லை. தள்ளாடிக் கரைக்கே வந்துவிட்டார். அலை கொதித்தது. மீன் வெந்து மிதந்தது. வெள்ளை மணல் பழுத்துச் சிவந்தது. குடிசைக்குள் நிறைமாசமாய்க் கிடந்த பெஞ்சாதி வேலம்மை அலறினாள்: "கூரை புகையுது! என்ன காரியம் செஞ்சிய?"

தவசி பனையின் காலில் விழுந்தான். "தாயே, நான் கருகிப் போறேன். அவ வயித்துல கெடக்கது என்ன பாவம் செஞ்சது?"

பனை வேரை ஊன்றிக்கொண்டது. வளர்ந்தது. ஓலைக் கைகளை விரித்துச் சூரியனின் வயிற்றுக்கடியில் கொடுத்து, முட்டித் தள்ளிக்கொண்டே உயர்ந்தது. உடம்பெல்லாம் கரியாயிற்று, நிறுத்தவில்லை. தவசி அண்ணாந்து பார்த்தான், கழுத்து சுளுக்கும்வரை பார்த்தான். வாயிலிருந்த புகையிலை தானாக நழுவி விழுந்தது. ஒரு மரம் பகலையே தூக்கி நிறுத்துவதை அதற்கு முன் எந்தக் கண்ணும் கண்டதில்லை.

"விடு விடு, நானே போறேன்" என்று முனகிக்கொண்டு சூரியன் வானத்தில் ஏறினார். குடிசைக்குள் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

நிழல் உயரே போனதும் மற்ற இரண்டும் ஓட்டமெடுத்தன. புகையிலை இலை வாடிச் சுருண்டு, கிணற்றுத் தண்ணீர் தேடிச் சமவெளிக்குப் போயிற்று. கஞ்சா மலையேறிப் பனிமூட்டத்துக்குள் பதுங்கிக்கொண்டது. அங்கங்கே இருந்த மனுஷர்கள் வந்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் கடலோரத்தில் கள், சமவெளியில் புகையிலை, மலையில் கஞ்சா. பனை மட்டும் தூக்கிய கையை இன்றுவரை இறக்கவில்லை. இன்னொரு கலயம் கேட்டுச் சூரியன் எந்த நேரமும் இறங்கி வரலாமாம்.