செரிஷ் செய்ய வந்த மாப்பிள்ளை

ஊமத்தம்பட்டிக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார்கள். அவர்கள் காரியமெல்லாம் கெட்டது யோசித்த பிறகுதான்.

அந்த ஊர்ப் பெண் செங்கமலத்தை மணிமாறனுக்குப் பேசியிருந்தார்கள். அவன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன்தான். படித்தவன் என்று தெரியவேண்டுமே என்று, மாமனார் பொன்னுரங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் கடைசி வரியை மட்டும் இங்கிலீஷில் எழுதினான்: ‘ஐ வில் செரிஷ் யுவர் டாட்டர்.’

மூன்றாம் நாள் ஆள் வந்து அவனை அழைத்துப்போனது. பொன்னுரங்கத்தின் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில், டவுன் நூலகத்திலிருந்து தூக்கிவந்த தலையணை மொத்தத்துக்கு ஓர் இங்கிலீஷ்-தமிழ் அகராதி. செங்கமலத்தின் தாய்மாமன் வேலாயுதம் அதற்குப் பொட்டு வைத்திருந்தார்.

“இந்தச் செரிஷ் யாரு மாப்பிள்ளை?” என்றார் பொன்னுரங்கம்.

“ஆள் இல்லை மாமா, வார்த்தை.”

“எதுவா இருந்தாலும் பூர்வீகம் விசாரிக்காம வீட்டுக்குள்ள விடமாட்டோம். வேலாயுதம், படிங்க.”

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். “இப்ப குடியிருக்கிறது இங்கிலீஷ்ல. வந்தது பிரெஞ்சுலேருந்து. அங்க அப்பன் பேரு ஷேர், ‘அருமையான’னு அர்த்தம். பாட்டன் லத்தீன்ல காருஸ். அவருக்கும் அதே அர்த்தம்தான்.”

“மூணு தலைமுறையா ஒரே குணம்! குடி, சீட்டாட்டம்?”

“எழுதலை.”

“அப்போ வார்த்தை நல்ல இடம். மாப்பிள்ளைதான் எப்படியோ தெரியலை.”

மணிமாறன் அவசரமாக அகராதியை எட்டிப் பார்த்தான். போனில் நான்கு முறை பேசியதிலேயே செங்கமலத்தை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டிருந்தது.

வேலாயுதம் அர்த்தத்தைப் படித்தார்: “அருமையாகக் கருதுதல். நெஞ்சோடு அணைத்துப் பேணுதல்.”

பேணத் தெரிந்தவனா என்று பெண்ணையே கொடுத்துப் பார்க்க முடியாது. மாலைவரை விவாதித்து, ஏழு கிலோ பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்தார்கள். “ஒரு வாரம் இதைச் செரிஷ் பண்ணிட்டு வாங்க.”

மணிமாறனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஆபீஸில் மடியில் வைத்துக்கொண்டே டைப் அடித்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் அதற்கு. மழையில் குடை அதற்கு, தும்மல் அவனுக்கு.

எட்டாம் நாள் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து வைத்தான். ஊர் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பொன்னுரங்கத்தின் முகம் தொங்கிப்போனது.

“உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. இது மேல உங்களுக்குப் பாசம் வந்துருச்சா?”

பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. “கொஞ்சம் வந்துருச்சு மாமா.”

வேலாயுதம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “கேட்டீங்களா! ஏற்கெனவே ஒருத்தியோட வாழுற ஆளுக்கு நம்ம பொண்ணு இரண்டாந்தாரமா?”

“ஐயோ, அது பூசணிக்காய்ங்க!”

“எங்க முன்னாலேயே அவளைப் பேர் சொல்லி வேற கூப்பிடுறாரு!”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த செங்கமலம் விறுவிறுவென்று வந்தாள். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அரிவாள்மணைச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் சாம்பார் வாசனை வந்தது.

“தடங்கல் தீர்ந்தது. தேதி குறிங்கப்பா” என்றாள், கரண்டியும் கையுமாக.

மணிமாறனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் போட்ட இலையில் ஒருவரும் உட்காரவில்லை. ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் நகர்ந்தார்கள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

பொன்னுரங்கம் அவன் தோளில் சாய்ந்து குலுங்கினார். “மனசைத் தேத்திக்கங்க. துக்கம் நடந்த வீட்டுல ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் பேசக்கூடாது. அப்புறம் பார்க்கலாம்.”

“நான் சொல்றதைக் கேளுங்க மாமா…”

அதற்குள் வேலாயுதம் அடுக்களையிலிருந்து ஈரத்துணியில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். விரித்தார். உள்ளே பூசணி விதைகள்.

“தாயில்லாப் பிள்ளைங்க மாப்பிள்ளை,” என்றார் தழுதழுத்து. “இருநூறுக்கு மேல இருக்கு. இனி நீங்கதான் படிக்கவச்சு ஆளாக்கணும்.”